வெள்ளோட்டம்

பையில இருக்கறது லேப்டாப்புங்களா? இல்லீங்க, மடியிலயே கட்டிப் பிடிச்சுட்டு வர்றீங்களே, அதான் கேட்டேன். மேல வெச்சா ஒண்ணும் ஆகாது. சரி, உங்க பொருளு, உங்க இஷ்டம். கரூர் வரைக்குங்களா? நானும் கரூர் போயி அங்கிருந்து திருச்சி. பேசிட்டே போனா தூரம் தெரியாதுங்க.

நம்மூரு தாராபுரமுங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால லோகு கம்ப்யூட்டர்ஸ்னு ஒரு போர்டு இருக்கும். லோகநாதன், நான்தான். ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேசன், பட்டா சிட்டா எல்லாம் எடுத்துக் கொடுக்கறது. ரிப்பேரும் பாக்கறதுதான். பதினெட்டு வருசமா இந்தப் பொட்டிகளோடதான் பொழப்பு. அந்த அனுபவத்துல ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. அடுத்தவனுக்கு நல்லது பண்ணோணும்னு தோணுச்சுன்னா பண்ணுங்க, ஆனா அவன் கம்ப்யூட்டர மட்டும் தொடாதீங்க. நான் தொட்டேன். என்ற தம்பி கம்ப்யூட்டருக்குப் புதுசு போட்டுக் கொடுத்தேன். இன்னும் வெளியிலயே வராத புதுசு. அதுக்கு அவன் எனக்குப் பண்ணுன கைமாறு இருக்குதே, சொன்னா நம்ப மாட்டீங்க.

தம்பி பேரு தனபாலுங்க. என்னைவிட எட்டு வயசு எளையவன். ஆறு வயசுல காய்ச்சல் வந்து ரெண்டு கண்ணும் போயிடுச்சு. உச்சுக் கொட்டாதீங்க, அவனுக்குப் பிடிக்காது. எங்கப்பா போறப்ப என்ற கையப் பிடிச்சு, "லோகு, இனி நீதான்டா அவனுக்குக் கண்ணு"ன்னாரு. அன்னைல இருந்து நான்தானுங்க கண்ணு. அவனுக்கு வர்ற காகிதம் ஒண்ணு விடாம நான்தான் படிச்சுச் சொல்லுவேன். பரீச்சை மார்க்கு, பார்வையில்லாதவங்க சங்கத்து நோட்டீசு, கூடப் படிச்சவங்க போடற கார்டு, எல்லாம். சும்மா கடனுக்குப் படிக்கறது கெடையாதுங்க. எது தேவையோ அதைப் படிக்கறது. வேண்டாததை விட்டுடறது. அங்கங்க நம்மளே ரெண்டு வார்த்தை சேத்துக்கறது. கண்டதையும் படிச்சு அவன் மனசக் கெடுக்கலாமுங்களா?

சாயங்காலம் கடையச் சாத்திட்டு வந்தா, காலடிச் சத்தம் கேட்டே "அண்ணா, இன்னைக்கு ஏதாச்சும் வந்துச்சா?"ம்பான். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது, சம்சாரம் இருக்குது. ஆனா உண்மையச் சொல்றேன், அந்த ஒரு கேள்வியக் கேக்கத்தான் நான் வீட்டுக்கே வருவேன். எனக்கு அவன்னா உசுருங்க.

அப்பறந்தான் இந்தக் கம்ப்யூட்டர் வந்துச்சு. சங்கத்துல கோயமுத்தூர்ல மூணு மாசம் எதோ பயிற்சின்னு போயிட்டு வந்தான். வந்ததும், "அண்ணா, நானே ஒண்ணு அசெம்பிள் பண்ணப் போறேன்"னான். எனக்குச் சிரிப்பு. கடைல நாலு கெடக்குது, ஒண்ணத் தூக்கிட்டு வர்றேன்டான்னேன். வேண்டாம்னுட்டான். ஒவ்வொரு சாமானா வாங்கிச் சேத்தான். ஒரு ஞாயித்துக்கிழமை, தரையில போர்வைய விரிச்சு எல்லாத்தையும் வரிசையா வெச்சுக்கிட்டு உக்காந்துட்டான். விரலாலயே தடவித் தடவி, போர்டு, பிராசசர், ராம், வயரு. எங்கயாச்சும் தப்புப் பண்ணுனா சொல்லலாம்னு நான் பின்னாலயே நின்னேனுங்க. மூணு மணி நேரம் நின்னேன். கடைசி வரைக்கும் தப்பே வரலை. எனக்குக் காலு கடுத்துப் போனதுதான் மிச்சம்.

அதுல சவுண்டு கார்டுன்னு ஒண்ணு. போர்டுலயே சத்தம் வரும், தனியா தேவையில்லை. இவன் கோயமுத்தூரெல்லாம் தொலாவி ஒரு பழைய கார்டப் பிடிச்சாந்து மாட்டுனான். எதுக்குடான்னா, "அண்ணா, உனக்கு மானிட்டர் எப்படியோ எனக்கு இது அப்படி. குரல் சுத்தமா வரோணும். ஒண்ணு மட்டும், இதுல புது சிஸ்டம் ஏதாச்சும் ஏத்துனா இந்தக் கார்டு வேலை செய்யாது, இதை ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேர் புதுசுல கெடையாது. யாரும் தொட வேண்டாம்"னான். என்ற கிட்டத்தான் சொன்னான். எனக்கே பாடம்.

மானிட்டர் அவன் வாங்கவே இல்லைங்க. நான்தான் கடைல இருந்து பழசு ஒண்ணக் கொண்டாந்து மாட்டுனேன். அவனுக்கு வேண்டாம், சரி, நாம பாக்க வேண்டாமுங்களா உள்ள என்ன நடக்குதுன்னு?

பாத்து என்ன பண்றது! திரையில இருக்கறதையெல்லாம் அவனுக்கு வாய்விட்டுப் படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர் அது. தமிழும் பேசும். மொதல்ல மெதுவாத்தான் பேசுச்சு, எங்களுக்கும் புரிஞ்சுது. ஒரு மாசத்துல வேகத்தைக் கூட்டிட்டான். எண்ணெயில கடுகு வெடிக்கற மாதிரி படபடபடன்னு போகுது. ஒரு எழுத்துப் புரியாதுங்க. அவன் மட்டும் அதைக் கேட்டுக்கிட்டுத் தலையாட்டுவான், சிரிப்பான். என்னடான்னா, "ஒண்ணுமில்லண்ணா, அந்தோணி மெயில் போட்டிருக்கான்"பான். கோயமுத்தூர்ப் பயிற்சில பழக்கமான சிநேகிதன் அந்த அந்தோணி. மெதுவா வெய்யுடான்னா, "மெதுவா வெச்சா எனக்குத் தூக்கம் வருதுண்ணா"ங்கறான். என்ற வீட்ல, என்ற கண்ணு முன்னால, எனக்குப் புரியாத ஒரு பேச்சு. நீங்களா இருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?

"இன்னைக்கு ஏதாச்சும் வந்துச்சா?"ங்கறதும் நின்னு போச்சு. நான் வேணும்னே செருப்பைச் சத்தமாக் கழட்டி விடுவேன். "வந்துட்டியாண்ணா"ம்பான். அவ்வளவுதான்.

சரி, அதோட போச்சுன்னா பரவாயில்லைங்க. ரெண்டு வருசம் கழிச்சு ஒரு வெள்ளிக்கிழமை பார்சல்ல ஒரு ஸ்கேனர் வந்துச்சு. காகிதத்தை அதுல வெச்சா, அதுல இருக்கற எழுத்தைக் கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்லுமாம். கையெழுத்துன்னா வராது, அச்சடிச்சதுன்னா படிச்சிரும். தமிழ்ல நாலு எழுத்துக்கு ஒண்ணு தப்பா வாசிக்கும், ஆனா விசயம் புரிஞ்சிரும். நான் கடைல இருந்து வர்றப்ப கரண்டு பில்லு, மாத்திரை அட்டை, என்ற மகனோட பாடப் புஸ்தகம், எல்லாத்தையும் வெச்சுப் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். வீடே சுத்தி நின்னு வேடிக்கை பாக்குது. என்ற சம்சாரம் வளர்மதி கையத் தட்டுறா.

மறுநாள் சனிக்கிழமை. காலைல நான் பல்லு வெளக்கிட்டு நிக்கறேன். பக்கத்துல வந்து நின்னான். "அண்ணா, என்ற டிரங்குப் பொட்டில இருவது வருசத்துக் காகிதம் கெடக்குது. ஒண்ணொண்ணா வெச்சுக் கேக்கப் போறேன். எதுல என்ன இருக்குன்னு நானே தெரிஞ்சுக்கலாம்னு பாக்கறேன். உனக்கு ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்காண்ணா?"ன்னான். எனக்கென்னடா சொல்றதுக்கு இருக்கப் போகுதுன்னேன். வாயக் கொப்பளிக்காமயே உள்ள போயிட்டேனுங்க.

ஏன்னு கேக்கறீங்களா? அந்தப் பொட்டில ஒரு லெட்டர் இருந்துச்சு.

ஒம்போது வருசத்துக்கு முன்னாடிங்க. கரூர்ல ஒரு ஆஸ்பத்திரியில போன் எடுக்கற வேலையில பரிமளான்னு ஒரு பொண்ணு. ஒரு கண்ணு மட்டும் மங்கலாத் தெரியும். சங்கத்துக் கூட்டத்துல இவனோட பழக்கம். போன்ல பேசுவாங்க. கட்டிக்கலாம்னு ரெண்டு பேருக்கும் எண்ணம். இவன் அவங்கப்பாவுக்கு லெட்டர் எழுதச் சொன்னான், நான்தான் எழுதிக் கொடுத்தேன், மனசார எழுதுனேன். அந்தப் பெரியவரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வெச்சிருந்தவரு. பதிலும் டைப் அடிச்சுத்தான் வந்துச்சு. கையில எழுதியிருந்தா எனக்கு இந்தப் பாடே இல்லை.

"பரிமளா எங்களிடம் அனைத்தும் கூறினாள். அவளுக்குப் பூரண சம்மதம். எங்களுக்கும் சம்மதம். தை பத்தாம் தேதிக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். பதில் இல்லையேல் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வோம்." இதுதான் இருந்துச்சு. அவன் எதுக்க உக்காந்து மூச்சு விடாமக் கேட்டுட்டு இருக்கான். நான் யோசிச்சேனுங்க. கட்டிட்டா அவன் கரூர் போயிருவான். அந்தப் பொண்ணுக்கு அரைக் கண்ணு, இவனுக்கு அதுவுமில்லை. அடுப்புல கைய வெச்சுக்கிட்டா யாரு ஓடறது? லெட்டர் வந்தா யாரு படிக்கறது? அரைக் கண்ணை வெச்சுக்கிட்டு அவ படிச்சுச் சொல்லுவாளாமா? அப்ப நான் எதுக்கு?

அதனால மாத்திப் படிச்சேன். பொண்ணுக்கு விருப்பமில்லை, மேற்கொண்டு பேச வேண்டாம்னு படிச்சேன். அதோட விட்டா ஆசை ஒட்டிக்கிட்டு இருக்கும், போன் பண்ணுவான். அதனால ஒரு வரி நானாச் சேத்தேன். அது என்ன வரிங்கறது அப்பறம் எனக்கே மறந்து போச்சுங்க, அவ்வளவு சாதாரணமாச் சொன்னது. அதுக்கப்பறம் அந்தப் பொண்ணு ரெண்டு தடவ எங்க வீட்டுக்குப் போன் பண்ணுச்சு. நான் எடுத்தேன். தம்பிக்கு வேற இடம் பாத்தாச்சுன்னு மரியாதையாச் சொல்லி வெச்சுட்டேன். அடுத்த வைகாசியிலயே அவளை முசிறில கட்டிக் கொடுத்துட்டாங்க. பாத்தீங்களா, அஞ்சு மாசம் காத்திருக்கலை. அந்தப் பாசம் அவ்வளவுதான்.

இவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைங்க. "அந்தக் காகிதத்தைக் கொடுண்ணா"ன்னு வாங்கி, பிளாஸ்டிக் கவருல போட்டு, பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டான். சாவி அரைஞாண் கயித்துல. வேண்டாம்னு சொன்ன லெட்டர எவனாச்சும் பத்திரப்படுத்துவானுங்களா? நானும் விட்டுட்டேன். அவனுக்குக் காகிதம் வெறுங் காகிதந்தானே, என்ன பண்ணிரப் போகுதுன்னு நெனச்சேன். ஸ்கேனர்னு ஒண்ணு வரும்னு எவன் கண்டான்?

இப்பப் புரியுதுங்களா என்ற நெலைமை? பொட்டியத் தொறக்க முடியாது. ஸ்கேனர ஒடைச்சா வேற வாங்குவான். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். காலைல வழி தெரிஞ்சுது.

அப்ப, கம்ப்யூட்டரையே ஓட்டற புது சிஸ்டம் ஒண்ணு வரப் போகுதுன்னு பேச்சு. முழுசா வர இன்னும் அஞ்சு மாசம் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி பீட்டான்னு விட்டிருந்தாங்க. பீட்டான்னா உங்களுக்குத் தெரியாததுங்களா, நம்மூருல புதுத் தேருக்கு வெள்ளோட்டம் விடுவாங்களே, சாமிய ஏத்தாம, சக்கரம் ஒழுங்கா உருளுதான்னு பாக்க. அதேதான். நான் கடைல ஒரு பழைய பொட்டில போட்டுப் பாத்துட்டு, பென் டிரைவுல வெச்சிருந்தேன். தாராபுரத்துலயே அதை மொதல்ல போட்டவன் நான்தான்.

ஞாயித்துக்கிழமை அவன் சங்கத்துக் கூட்டத்துக்குத் திருப்பூர் போனான். நான் அவன் அறைக்குள்ள போயி உக்காந்தேன். வளர்மதி வந்து நிலைல நின்னா. "ஏனுங்க, தம்பிதான் தொட வேண்டாம்னு சொல்லியிருக்குதே"ன்னா. புதுசு போட்டு வெக்கறேன், வந்தா சந்தோசப்படுவான், நீ போயி வேலையப் பாருன்னேன். திரையில ஒரு எச்சரிக்கை வந்துச்சு. இது இன்னும் சோதனையில இருக்குது, அன்றாடம் உபயோகிக்கற கம்ப்யூட்டர்ல போட வேண்டாம், சில பாகங்கள் வேலை செய்யாமப் போகலாம். நான் முழுசாப் படிச்சேனுங்க. படிக்காம ஒத்துக்கற ஆளு நான் இல்லை. படிச்சுட்டுத்தான் ஓக்கே குடுத்தேன்.

ஒண்ணே முக்கால் மணி நேரம். முடிஞ்சு வந்துச்சு பாருங்க, அடடா! நீல வானம் மாதிரி பின்னணி, எழுத்தெல்லாம் கண்ணாடியாட்டம். அந்தப் பழைய மானிட்டர்லயே அவ்வளவு அழகு. நல்ல வேலை பண்ணியிருக்கறோம்னு எனக்கே பெருமையா இருந்துச்சு. சத்தம் மட்டும் வரலை. சவுண்டு கார்டு இருக்கற எடத்துல ஒரு மஞ்சக் குறி. போர்டுல இருக்கற ஓட்டைல ஸ்பீக்கர் வயரச் சொருகிப் பாத்திருக்கலாம், வந்திருக்கும். நமக்கெதுக்கு, அவன் கட்டுனது, அதையும் இதையும் பிடுங்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். அவனோட அந்தப் படபடப்பு சாஃப்ட்வேரும் புதுசுல ஓடாதுன்னு வந்துச்சு. சரின்னு எடுத்துட்டேன்.

சாயங்காலம் வந்தான். மூஞ்சி கழுவிட்டுப் போயி ஸ்விட்சைப் போட்டான். நான் கட்டில்ல உக்காந்து பாத்துட்டு இருந்தேன். கம்ப்யூட்டர் எந்திரிச்சா ஒரு சின்ன மணிச் சத்தம் வரும், அதுக்காகத் தலைய ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டே உக்காந்திருந்தான். வரலை. கீபோர்டுல ரெண்டு தட்டுத் தட்டுனான். ஸ்பீக்கர் வயரத் தடவுனான். கேபினெட்டுக்குப் பின்னால கைய வெச்சு ஃபேன் காத்து வருதான்னு பாத்தான். காத்து வருது. பொட்டி மேல உள்ளங்கைய வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தானுங்க. பாக்க எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"அண்ணா, திரையில என்ன தெரியுது?"

பாத்தீங்களா! ரெண்டு வருசம் கழிச்சு, அண்ணா, என்ன தெரியுதுங்கறான். நல்லாத் தெரியுதுடா, பளிச்சுன்னு இருக்குது, உனக்குப் புதுசு போட்டிருக்கறேன், ஊருல யாருகிட்டயும் இல்லாததுன்னேன். "சரிண்ணா"ன்னான். திட்டலை, கத்தலை. நான் அதை நல்லதா எடுத்துக்கிட்டேன்.

அன்னைல இருந்து பத்து நாளு. என்ற வாழ்க்கையிலயே அந்த மாதிரிப் பத்து நாளு இருந்ததில்லைங்க. கடையச் சீக்கிரம் சாத்திட்டு வந்துருவேன். அவன் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்துக்குவேன். அவனுக்கு வந்த மெயிலெல்லாம் நான் படிச்சுச் சொல்றது. வேண்டாததை விட்டுடறது. அவன் பதில் சொல்லச் சொல்ல நான் அடிக்கறது. வளர்மதி காப்பி கொண்டாந்து வெச்சுட்டு மூஞ்சியத் திருப்பிட்டுப் போவா. அவளுக்குப் பொறாமை.

ஒரே ஒரு தொந்தரவு. தெனமும் ஒரு கேள்வி கேப்பான். அந்தோணிகிட்டப் போன்ல கேட்டிருக்கான் போல. பட்டன் போனுதான் அவனுது, டச் போன் பிடிக்காது. "அண்ணா, செட்டிங்சுக்குள்ள ரெக்கவரின்னு ஒண்ணு இருக்குமாம். அதைத் தொறந்தா, பழைய சிஸ்டத்துக்கே திரும்பிக்கலாம்னு ஒரு பட்டன் இருக்குமாம். பத்து நாளைக்குள்ள அதை அமுத்துனா எல்லாம் முன்ன மாதிரியே வந்துருமாம். இருக்கான்னு பாரேன்"பான். நான் தொறந்து பாப்பேன். இருந்துச்சு. கொட்டை எழுத்துல இருந்துச்சு. இல்லைடான்னு சொல்லுவேன்.

"நல்லாப் பாருண்ணா."

"நல்லாப் பாத்துட்டேன்டா. அந்த மாதிரி எதுவுமில்லை."

"சரிண்ணா."

மறுநாள் மறுபடி கேப்பான். மறுபடி தொறப்பேன். மறுபடி இல்லைம்பேன். எட்டாம் நாளு, ஒம்போதாம் நாளு, இதே பேச்சு. பத்தாம் நாளு மூணு தடவ கேட்டான். எனக்குக் கோவமே வந்துருச்சு. நம்பிக்கை இல்லைன்னா வேற எவனையாச்சும் கூட்டியாந்து படிக்கச் சொல்லுடான்னேன். "வேண்டாண்ணா. நீ சொன்னாப் போதும்"னான். பதினொண்ணாம் நாளு நான் தொறந்து பாத்தப்ப அந்தப் பட்டனக் காணோம். அப்பாடான்னு இருந்துச்சுங்க. இனிமே பொய் சொல்ல வேண்டியதில்லை பாருங்க.

அன்னைக்குத்தான் அவன் அரைஞாண் கயித்துல இருந்து சாவிய எடுத்தான்.

பொட்டியத் தொறந்து, அந்த பிளாஸ்டிக் கவர எடுத்து என்ற கையில கொடுத்தான். "அண்ணா, இந்த லெட்டர இன்னொரு தடவ படிச்சுக் காட்டு"ன்னான். ஏன்டா அதைப் போயி, ஆறுன புண்ணைன்னேன். "படிண்ணா. ஸ்கேனர்ல கேக்கலாம்னு இருந்தேன். இப்பத்தான் உன்னை விட்டா எனக்கு ஆளில்லையே"ன்னான். வாசப்படில வளர்மதி வந்து நின்னா.

படிச்சேன். அன்புள்ள தனபாலுக்கு, பெண்ணுக்கு இதில் விருப்பமில்லை, மேற்கொண்டு பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம், இப்படிக்கு. நல்லா நிறுத்தி நிதானமாத்தான் படிச்சேன்.

"அவ்வளவுதானாண்ணா?"

"அவ்வளவுதான்டா."

"ஒரு வரி விட்டுட்டியேண்ணா."

எதுடான்னேன். அவன் சொன்னான், மனப்பாடமா, ஒரு எழுத்துப் பெசகாம. "ஒரு குருடனின் கையைப் பிடித்துக்கொண்டு காலமெல்லாம் நடக்க என்னால் ஆகாது என்று பெண்ணே சொல்லிவிட்டாள்." அதாங்க நான் அன்னைக்குச் சேத்துன வரி. கேட்டதும் எனக்கும் ஞாபகம் வந்துருச்சு.

"ஒம்போது வருசமா தெனமும் அந்த வரியச் சொல்லிப் பாத்திருக்கேண்ணா. குளிக்கறப்ப, சோறு திங்கறப்ப, ரோட்டைத் தாண்டறப்ப. அது இப்ப எங்க போச்சு?"

நான் விடலைங்க. பழைய காகிதம்டா, அந்த எடத்துல மட்டும் அழிஞ்சு போயிருக்குதுன்னேன்.

அவன் சிரிச்சான். சிரிச்சுட்டு, அந்த லெட்டருல நெசமா இருக்கறதை வரிசையாச் சொன்னானுங்க. பூரண சம்மதம், எங்களுக்கும் சம்மதம், தை பத்தாம் தேதிக்குள்ள. எல்லாம். "வெள்ளிக்கிழமை ஸ்கேனர் வந்ததும், நீ கடைல இருந்தப்ப, மொதல்ல வெச்சது இந்தக் காகிதந்தாண்ணா. முன்னால வெச்சேன், பின்னால வெச்சேன், தலைகீழா வெச்சேன். அந்த ஒரு வரிய மட்டும் தேடித் தேடிப் பாத்தேன். எங்கயுமே இல்லை. அது யாரு வரிண்ணா?"ன்னான்.

எல்லாம் உன்ற நல்லதுக்குத்தான்டான்னேன். வளர்மதி தலையில கைய வெச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துட்டா. எனக்கு அப்பத்தான் ஒண்ணு உறைச்சுதுங்க. இவன் வெள்ளிக்கிழமையே படிச்சுட்டான். அப்ப சனிக்கிழமை எதுக்கு எங்கிட்ட வந்து, சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கான்னு கேட்டான்? அந்தப் பட்டன் இருக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டே பத்து நாளு எதுக்கு என்னைத் தொறந்து தொறந்து பாக்கச் சொன்னான்? ஒரு வார்த்தை, தெரியும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்தப் பீட்டாவே போட்டிருக்க மாட்டேனே! தெரிஞ்சுக்கிட்டே கூடப் பொறந்தவனை இத்தினி நாளு பொய் சொல்ல வெச்சு வேடிக்கை பாத்திருக்கான். நீங்களே சொல்லுங்க, யாருங்க கல்நெஞ்சக்காரன்?

இதை அவங்கிட்டயும் கேட்டேன். "பத்து நாள்ல ஒரு நாளாச்சும் இருக்குதுன்னு நீ சொல்லுவேன்னு நெனச்சேண்ணா"ன்னான். அதுக்கப்பறம் எங்கிட்டப் பேசவே இல்லை. ரெண்டு நாளு கழிச்சு அந்தோணி கார் எடுத்துட்டு வந்தான். இவன் தரையில போர்வைய விரிச்சு, கட்டுன மாதிரியே ஒவ்வொண்ணாக் கழட்டி, வேட்டியில சுத்தி எடுத்துக்கிட்டான். மானிட்டர மட்டும் தொடலை. "அது உன்னுதுண்ணா"ன்னான். போயிட்டான். எந்த ஊருன்னு வளர்மதிக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கறா. சாயங்காலம் வீட்டுக்குப் போனா செருப்பைக் கழட்டுற சத்தம் எனக்கே கேக்குது.

எட்டு மாசமாச்சு. போன மாசம் ஒரு தபால் வந்துச்சு. கனமான கவரு. மேல அட்ரஸ் மட்டும் யாரோ எழுதியிருக்காங்க. உள்ள ஆறு பக்கம். பேனா பட்ட தடமே இல்லைங்க, வெள்ளைக் காகிதம், பூராவும் மேடு மேடாப் புள்ளி. அவங்க விரலால தடவிப் படிப்பாங்களே, அந்தப் புள்ளி எழுத்து. தம்பிதான். வேற யாரு எனக்கு அப்படி எழுதப் போறாங்க? நானும் கண்ண மூடிக்கிட்டு விரலை வெச்சுத் தடவிப் பாத்தேன். மணலத் தடவுற மாதிரி இருக்குது. மன்னிச்சுட்டானா, திட்டியிருக்கானா, வர்றேன்னு எழுதியிருக்கானா, ஒண்ணும் தெரியலை. ஒரு மாசமா எனக்குச் சோறு எறங்கலைங்க.

மூலனூர்ல பார்வையில்லாத ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரு இருக்கறாருன்னு சொன்னாங்க. போன வாரம் போனேன். திண்டாடித்தான் வீட்டைக் கண்டுபிடிச்சேன். அவரு என்னை உக்கார வெச்சு, உள்ள குரல் கொடுத்து, காப்பி போடச் சொல்லிட்டு, காகிதத்தை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் படிக்க ஆரம்பிச்சாரு. வாய்விட்டுப் படிக்கலை. ரெண்டாவது பக்கத்துல விரல் நின்னு போச்சு. மூஞ்சிய என்ற பக்கம் திருப்புனாரு. மறுபடி படிச்சாரு. அரை மணி நேரம். ஆறு பக்கமும் முடிச்சு, மடிச்சு என்ற கையில கொடுத்துட்டு, "சவுக்கியமா இருக்கறாராம். நீங்களும் சவுக்கியமான்னு கேட்டிருக்கறாரு"ன்னாரு. அப்பறம்னேன். "அவ்வளவுதானுங்க"ன்னாரு. ஆறு பக்கமுங்களேன்னேன். "புள்ளி எழுத்து எடம் எச்சாப் பிடிக்குமுங்க"ன்னாரு. அவரு சம்சாரம் காப்பி கொண்டு வந்தாங்க. "வேண்டாம், இவரு கெளம்பறாரு"ன்னுட்டாரு.

அதான் இப்பத் திருச்சி போறேன். அங்க ஒரு ஸ்கூல் இருக்குதாம், படிச்சுச் சொல்ற ஆளுங்க இருப்பாங்களாம். ஆனா அங்கயும் அவங்க என்ன சொல்றாங்களோ அதைத்தானே நான் நம்போணும்? சரியாப் படிக்கறாங்களா, விட்டுட்டுப் படிக்கறாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த மூலனூர்க்காரரு பண்ணுன வேலைய நெனச்சா வயிறு எரியுதுங்க. ஒருத்தன் தனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நம்பிக் கொண்டாந்து கையில கொடுக்கறான், அவங்கிட்டப் போயி ஆறு பக்கத்தை மறைச்சுட்டு ஒரு வரி சொன்னா, அவனெல்லாம் மனுசனாங்க? என்ற தம்பி எனக்குன்னு எழுதுனது அது. அதுல எனக்கு எது வேணும், எது வேண்டாம்னு முடிவு பண்ண அந்த ஆளு யாருங்க?